கல்லுக்கு அடியில் ஒன்றுமில்லை

ஜூலை 20, ஞாயிறு

ஏழாவது நோட்டு இன்று தொடங்குகிறது. ஆறாவது நோட்டில் கடைசி இருபது பக்கங்களுக்குக் கோடே சரியாக அச்சாகவில்லை. கடைக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் நோட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், கோடு தடிப்பாக உள்ள நோட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

ஒவ்வொரு நோட்டிலும் முதல் பக்கத்தில் எங்கள் முறையை எழுதிவிடுவது வழக்கம். நோட்டு யார் கையிலாவது சிக்கினால் எங்களைத் திருட்டுக் கூட்டம் என்று நினைத்துவிடக் கூடாது. நாங்கள் பாம்பு தேடுகிறவர்கள். பிடிப்பதில்லை, தொடுவதில்லை. பார்ப்பது, எழுதுவது, படம் எடுப்பது, வந்த வழியே வீடு திரும்புவது, அவ்வளவுதான். நாங்கள் என்றால் இரண்டே பேர். நான் ஈஸ்வரமூர்த்தி, மின்வாரியத்தில் முப்பத்தொரு வருடம் வீடு வீடாக மீட்டர் கணக்கெடுத்து ஓய்வு பெற்றவன். மீட்டர் பெட்டிக்குள் படுத்திருந்த ஒரு கொம்பேறி மூக்கன்தான் என்னை இந்தப் பக்கம் இழுத்தது. இன்னொருவர் சாந்தாமணி. காங்கயம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஸ்டூடியோ வைத்திருக்கிறாள். கல்யாண வீடுகளில் எல்லாரையும் சிரிக்கச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், சிரிக்கச் சொல்ல வேண்டாத எதையாவது படம் எடுக்கலாம் என்று ஆறு வருடங்களுக்கு முன் என்னோடு சேர்ந்துகொண்டாள்.

இடம், சின்னுச்சாமியின் கொறங்காடு. பதினாறு ஏக்கர் மேய்ச்சல் நிலம், சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே வெள்வேல மரங்களும் புல்லும் கல்லும். பெரிய கற்கள் மட்டும் நூற்று நாற்பத்திரண்டு. எல்லாவற்றுக்கும் எண் கொடுத்து வரைபடம் போட்டு வைத்திருக்கிறேன். சின்னுச்சாமி எங்களை உள்ளே விட்டபோது இரண்டு நிபந்தனை சொன்னார். "படலச் சாத்திட்டுப் போகோணும். பெரட்டுன கல்லு அதே குழியில உக்காரோணும். கல்லோரத்து ஈரத்துலதானுங் கொழுக்கட்டைப்புல்லு மொதல்ல தழையும்."

நான் கொக்கியால் கல்லை என் பக்கமாகச் சாய்ப்பேன். அப்போது கல் எனக்கும் பாம்புக்கும் நடுவே மறைப்பாக நிற்கும். எட்டிப் பார்த்துப் பாம்பின் பெயரைச் சொல்வேன், இல்லையென்றால் ஒண்ணுமில்ல என்பேன். சாந்தாமணி ஒவ்வொரு கல்லுக்கும் மூன்று படம் எடுப்பாள்: இருந்தபடி, சாய்த்தபடி, திரும்ப வைத்தபடி. காலிக் கல்லை அவள் இரண்டு கையாலும் பிடித்து அதன் குழியில் உட்கார வைப்பாள். பாம்பு இருந்தால் கை போகக் கூடாது. கொக்கியால்தான் இறக்க வேண்டும், ஓரத்தில் ஒரு பொடிக்கல்லை அண்டக் கொடுத்து, பாம்பு நசுங்காதபடி. ஆக, இதில் என் வார்த்தைதான் எல்லாம். ஒண்ணுமில்ல என்று நான் சொல்லிவிட்டால் அவள் குனிந்துகூடப் பார்க்க மாட்டாள். அப்படியே கையை வைப்பாள்.

ஆனி முகூர்த்தங்கள் முடிந்து, ஆறு வாரம் கழித்து இன்றுதான் போனோம், பதினான்கு கற்கள். கல் 31-க்கு அடியில் ஒரு மண்ணுளி. நான் வாயைத் திறப்பதற்குள் சாந்தாமணி, "மண்ணுளிங்ணா" என்று முந்திக்கொண்டாள். மற்ற பதின்மூன்றிலும் ஒன்றுமில்லை. ஆனால் காலிக் கற்களைக்கூட இன்று அவள் கையால் தொடவில்லை. என் கொக்கியை வாங்கி அதாலேயே இறக்கினாள். ஏன் என்று கேட்டேன்.

"மணிக்கட்டு வலிக்குதுங்ணா. ஆனி மாசம் பூராக் கல்யாணம். கேமராவப் புடிச்சுப் புடிச்சு விட்டுப்போச்சு."

ஜூலை 22, செவ்வாய்

சாந்தாமணிக்கு மூலிகைத் தைலம் ஒன்று வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ராத்திரி தேய்த்து, காலையில் வெந்நீர் விடச் சொன்னேன். சரிங்ணா என்றாள்.

ஜூலை 27, ஞாயிறு

கல் 40 முதல் 55 வரை. பதினாறும் காலி. ஆடிக்காற்று மண்ணை வாரி முகத்தில் அடிக்கிறது, எந்தப் பாம்புதான் இருக்கும்?

சாந்தாமணியின் வேலையில் முன்பு இருந்த கச்சிதம் இல்லை. கல் 44-ஐயும் 52-ஐயும் இறக்கும்போது ஓரத்தில் பொடிக்கல் வைத்தாள். பாம்பு இருந்தால்தானே பொடிக்கல்? வெறும் மண்ணா நசுங்கப்போகிறது? கேட்டால், "எறும்பு இருந்துச்சுங்ணா" என்கிறாள். அது போதாதென்று அந்த வெறும் மண்ணை ஏழெட்டுப் படம் வேறு எடுத்தாள். பிலிம் காலமாக இருந்தால் இப்படிச் செய்வாளா என்று கேட்டேன். சிரித்தாள்.

ஆனாலும் நல்ல காலை. திரும்பும் வழியில் பேக்கரியில் டீயும் தேங்காய் பன்னும் சாப்பிட்டோம். பாலில் என்ன கலக்கிறார்களோ, டீ ஒரே பழுப்பாக இருந்தது. ருசியில் குறை சொல்ல முடியாது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. ருக்குமணி கட்டுச்சோறு செய்து, சாந்தாமணியையும் வரச் சொல்லியிருந்தாள். என் மனைவிக்கும் பாம்புக்கும் ஆகாது, ஆனால் சாந்தாமணியோடு நன்றாக ஆகும். இருவரும் சமையலறையில் வெகு நேரம் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் போனதும் புளிச்சோற்றுக்குப் பெருங்காயம் எவ்வளவு என்று பேச்சு மாறியது.

தை மாதம் வீட்டுக்குப் பெயிண்ட் அடித்தோம். நிறம் தேர்ந்தெடுத்தது நான்தான், சந்தனத்திலேயே மிக மெல்லிய சந்தனம். வருகிறவர்கள் எல்லாரும் வாசலில் ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருகிறார்கள்.

மாலையில் கண்ணாடிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் மாற்றி மாற்றி வில்லைகளைப் போட்டுப் பார்த்துவிட்டு, "பவர் ஏத்தி ஒண்ணும் ஆகாதுங்க. கண்ணாஸ்பத்திரியில காட்டிருங்க" என்றார். வியாபாரத்தில் அக்கறை இல்லாத மனிதர். அடுத்த கடையில் நல்ல வெளிச்சமான டார்ச் ஒன்று வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

புது டார்ச் பிரமாதம். பன்னிரண்டு கல். ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

ஆவணி முகூர்த்தம். சாந்தாமணிக்கு வெள்ளக்கோவிலில் ஒரு கல்யாணத்தில் படம் எடுக்கும் வேலை. ஒரு வாரம் வீணாக வேண்டாமே என்று தனியாகவே கிளம்பினேன். போனால் கொறங்காட்டுப் படலுக்குச் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது. ஆறு வருடத்தில் அதற்குப் பூட்டு இருந்து நான் பார்த்ததில்லை.

சின்னுச்சாமி வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "சாந்தாமணி போன் பண்ணுச்சுங். நீங்க ஒண்டியா வந்தா தொறக்க வேண்டாம்னு சொல்லுச்சு."

"இது உங்காடா, அவ காடா?"

"எங்காடுதானுங். அதான் பூட்டியிருக்கறன்."

வீட்டுக்கு வந்து சாந்தாமணியைப் போனில் பிடித்தேன். பின்னால் நாதஸ்வரம். "ரெண்டு பேரு போறதுன்னு நீங்கதானுங்ணா விதி எழுதி வெச்சீங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். எந்த நோட்டிலும் அப்படி ஒரு விதியை நான் எழுதவில்லை. ஏழு நோட்டையும் புரட்டிப் பார்த்துவிட்டேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

இன்று சந்தோஷமாக எழுதுகிறேன். படலுக்குள் நுழைந்ததுமே ஒரு சாரை, ஆறடிக்குக் குறையாது, புல்லை வகுந்துகொண்டு எங்களுக்கு முன்னால் போனது. நான்தான் முதலில் பார்த்தேன். நான்தான் சொன்னேன். சாந்தாமணி, "ஆமாங்ணா, சாரைதான்" என்றாள். அவள் முகத்தில் அவ்வளவு மகிழ்ச்சியை அண்மையில் நான் பார்க்கவில்லை. ஒரு சாரைக்கு எதற்கு இத்தனை என்று எனக்கே தோன்றியது.

அது வெள்வேல மரத்து வேருக்குள் நுழையும்வரை நின்று பார்த்தோம். சின்னுச்சாமியின் மாடுகள் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி மேய்ந்தன. காற்று நின்றுவிட்டது. இந்த நிலத்தில் நிற்கும்போது எனக்கு வேறு எதுவும் வேண்டியதில்லை. பிள்ளைகள் இல்லை என்ற நினைப்புக்கூட இங்கே வருவதில்லை.

பத்து கல். பத்தும் காலி. மூன்றில் பொடிக்கல் வைத்தாள். இப்போதெல்லாம் நான் கேட்பதை விட்டுவிட்டேன்.

செப்டம்பர் 23, செவ்வாய்

ருக்குமணியின் தொல்லை தாங்காமல் கோயமுத்தூர் கண்ணாஸ்பத்திரிக்குப் போய் வந்தோம். நான் வாங்கி வந்த கீரைக்கட்டில் பாதி மஞ்சளாக இருந்ததாம், அதிலிருந்து ஆரம்பித்தது. கண்ணுக்குச் சொட்டு மருந்து விட வந்த நர்ஸம்மாவைக் கண்டு நான் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தேன் என்று ருக்குமணி இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். "கண்ணாடி விரியனுக்கு ரெண்டடி தள்ளி நிக்கற மனுசன், ஒரு சொட்டுத் தண்ணிக்கு இந்தப் பாடு."

வலது கண்ணில் புரை நன்றாக முற்றிவிட்டதாம். இடதிலும் இருக்கிறதாம். உடனே ஆபரேஷன் செய்துவிடலாம் என்றார் டாக்டரம்மா. சீசன் முடியட்டும் என்றேன். என்ன சீசன் என்றார். பாம்பு சீசன் என்றேன். ஐப்பசி மழையில்தான் எல்லாம் கல்லுக்கடியில் புகும், அதைத் தவறவிட்டால் அடுத்த வருடம்தான் என்று விளக்கமாகச் சொன்னேன். அவர் சீட்டில் ஏதோ எழுதினார். பயம் ஒன்றுமில்லை. சீசன்தான் காரணம்.

சாந்தாமணியிடம் சொல்லவில்லை. அவளுக்கு இருக்கிற வேலையில் இது எதற்கு?

அக்டோபர் 12, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

வெள்ளியும் சனியும் நல்ல மழை. மண் பொதுபொதுவென்று இருந்தது. கல் 88-ஐச் சாய்த்தேன். டார்ச் அடித்துப் பார்த்தேன். ஈர மண், சருகு. ஒண்ணுமில்ல என்றேன். சாந்தாமணி வழக்கம்போலக் கொக்கிக்குக் கையை நீட்டினாள். எனக்குச் சுள்ளென்று வந்துவிட்டது. மூன்று மாதமாக இதே கூத்து. தைலம் வாங்கிக் கொடுத்தாயிற்று, மணிக்கட்டு வலியாவது ஒன்றாவது.

"ஒண்ணுமில்லன்னா ஒண்ணுமில்லதான் அம்மிணி. இங்க பாரு" என்று சொல்லிவிட்டு, கொக்கியைக் கீழே போட்டுக் கல்லின் அடி விளிம்பில் என் கையை வைக்கக் குனிந்தேன்.

முழங்கைக்குக் கீழே படீரென்று ஓர் அடி. கேமரா ஸ்டாண்டை மடக்கிப் பிடித்து அதால் அடித்திருந்தாள். கல் பக்கவாட்டில் சரிந்து விழுந்தது. நான் பின்னால் உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் அந்தச் சத்தம் எனக்கு உறைத்தது. எண்ணெய்ச் சட்டியில் அப்பளம் போட்டது போல ஒரு சரசரப்பு. கல்லைச் சாய்த்ததிலிருந்தே அது கேட்டுக்கொண்டுதான் இருந்தது. காய்ந்த புல்லில் காற்று என்று நினைத்திருந்தேன். மழை பெய்த புல் எப்படிக் காய்ந்திருக்கும்?

சுருட்டை. கொடிய விஷமுள்ள விரியன் வகை. உடம்பை மடித்து மடித்து உரசிக்கொண்டு, நான் கை வைக்கவிருந்த இடத்துக்கு ஒரு சாண் தள்ளி. அவள் விரல் நீட்டிக் காட்டிய பிறகும் அது எனக்குச் சருகாகத்தான் தெரிந்தது. சருகு அசைந்தபோதுதான் பாம்பானது.

அது தானாக விலகிப் போகும்வரை அசையாமல் இருந்தோம். பிறகு சாந்தாமணி கல்லைக் கொக்கியால் இழுத்து அதன் குழியில் உட்கார வைத்தாள், மூன்றாவது படத்தையும் எடுத்தாள். அதற்கப்புறம்தான் என் பக்கம் திரும்பினாள்.

"கண்ணு சரியாகாம இனிக் கல்லுப் பெரட்ட வேண்டாங்ணா. நானும் வரமாட்டன்."

"சீசன் அம்மிணி" என்றேன்.

"சீசன் வருசா வருசம் வரும். இந்தக் கை போனா வருமா?"

படலைச் சாத்தியது யார் என்று நினைவில்லை.

அக்டோபர் 13, திங்கள்

கை வீங்கியிருக்கிறது. சுருட்டை கடித்திருந்தால் இதைவிட நன்றாக வீங்கியிருக்கும் என்றாள் ருக்குமணி. நான் சொல்லாமலே அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது.

அக்டோபர் 19, ஞாயிறு

நாளை தீபாவளி. ஊரெல்லாம் வெடிச் சத்தம். ஆறு வருடத்தில் மழை பெய்த ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருப்பது இதுதான் முதல் தடவை. ருக்குமணியோடு உட்கார்ந்து முறுக்குப் பிழிந்தேன். நன்றாகவே வந்தது.

என் கையைப் பற்றி எனக்குக் கவலையில்லை. அடி வாங்கிக்கொண்டு தப்பித்துவிட்டேன். ஆனால் வாரம் முழுக்க ஒரே நினைப்புதான். மணிக்கட்டு வலி என்று அவள் கொக்கியைக் கேட்காமல் இருந்திருந்தால், நான் ஒண்ணுமில்ல என்று சொன்னதுமே அங்கே அவள் கை போயிருக்கும். குனிந்துகூடப் பார்த்திருக்க மாட்டாள். என் வார்த்தையை நம்பித்தான் வைத்திருப்பாள். அந்தச் சின்ன விரல்களால்தான் அவள் பிழைப்பே நடக்கிறது. எனக்கு வெட்கமாக இருக்கிறது. பயமாகவும் இருக்கிறது, பாம்பைப் பற்றி அல்ல. சீசன் என்று சொன்னது முழுப் பொய் இல்லை, முக்கால் பொய். கண்ணில் கத்தி வைப்பார்கள் என்ற பயம்தான் காரணம். எழுதிவிட்டேன்.

அக்டோபர் 23, வியாழன்

ஸ்டூடியோவுக்குப் போனேன். பாஸ்போர்ட் படத்துக்கு உட்கார்ந்திருந்த ஒருவரின் தலையை நேராக்கிக்கொண்டிருந்தாள்.

"நவம்பர் அஞ்சு, புதன்கெழம" என்றேன்.

திரும்பிப் பார்க்காமல், "நான் காரு சொல்லிர்றனுங்ணா" என்றாள். பிறகு அந்த ஆளிடம், "சிரிக்க வேண்டாங்க, சும்மா பாருங்க" என்றாள். அவள்தான் சிரித்துக்கொண்டிருந்தாள்.

நவம்பர் 6, வியாழன்

அவர் சொல்லச் சொல்ல ருக்குமணி எழுதுவது. நேற்று ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வலி இல்லை என்று எழுதச் சொல்கிறார். டாக்டரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை என்பதை எழுத வேண்டாம் என்கிறார். இன்று காலை கட்டுப் பிரித்தார்கள். முதலில் என் முகத்தைப் பார்த்தார். இவ்வளவு நரைச்சுட்டியா என்று கேட்டார். வெளியே வந்து வானத்தைப் பார்த்து நின்றார், கார்க்காரர் இரண்டு முறை ஹாரன் அடித்தார்.

வீட்டுக்கு வந்து வாசலில் ஒரு நிமிடம் நின்றார். இது என்ன நிறம் என்று கேட்டார். நீங்கள் தேர்ந்தெடுத்த சந்தனம்தான் என்றேன். பஞ்சாயத்துத் தண்ணீர் லாரிகூட இத்தனை மஞ்சள் இல்லையே, ஏன் சொல்லவில்லை என்றார். அன்றைக்கே சொன்னேன். பெயிண்ட் கடையில் வைத்தே சொன்னேன். இதை அவர் சொல்லாமல் நானாகவே எழுதுகிறேன்.

நவம்பர் 16, ஞாயிறு

தலை குளிக்கக் கூடாது, குனியக் கூடாது, தூசியில் நடக்கக் கூடாது. வாசல் நாற்காலியில் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருக்கிறேன். வலது கண்ணை மூடினால் உலகம் பழைய டீ. இடது கண்ணை மூடினால் புதுப் பால். இதையே மாற்றி மாற்றிச் செய்துகொண்டிருந்தேன். எதிர்வீட்டு அம்மா நான் கண்ணடிப்பதாக நினைத்து உள்ளே போய்விட்டார். ருக்குமணி போய் விளக்கிவிட்டு வந்தாள்.

டிசம்பர் 7, ஞாயிறு

எல்லாத் தடையும் நீங்கிவிட்டது. ஆனால் சாந்தாமணிக்குக் கார்த்திகை முகூர்த்தங்கள் முடியவில்லை. இந்த வருடப் படங்களையாவது பார்க்கலாம் என்று மதியம் ஸ்டூடியோவுக்குப் போனேன். கம்ப்யூட்டரில் எல்லாம் தேதிவாரியாக, கல் எண் வாரியாக இருந்தது. அவள் ஆல்பம் ஒட்டிக்கொண்டிருந்தாள். நான் நோட்டை மடியில் விரித்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

ஜூலை 27. கல் 44. நோட்டில் ஒன்றுமில்லை என்று என் கையெழுத்து. படத்தில் ஒரு வெள்ளிக்கோல் வரையன், வெள்ளைப் பட்டைகளோடு, இதைவிடத் தெளிவாக ஒரு பாம்பு படுத்திருக்க முடியாது. கல் 52. ஒன்றுமில்லை. படத்தில் சுருட்டை. பொடிக்கல் வைத்தாளே, அதே இரண்டு கற்கள். அடுத்த படத்தைத் திறக்கக் கை வரவில்லை, ஆனாலும் திறந்தேன். செப்டம்பர் 14, பொடிக்கல் வைத்த மூன்றிலும் பாம்புகள். கல் 103-இல் ஒரு மண்ணுளி, என் கட்டைவிரலைவிடத் தடிமன். அதைக்கூட நான் பார்க்கவில்லை.

மொத்தம் பதினொன்று. நான்கு சுருட்டை, மூன்று வெள்ளிக்கோல் வரையன், இரண்டு புழுப்பாம்பு, ஒரு மண்ணுளி, ஒரு நாகக்குட்டி. அந்த நாகக்குட்டி படமெடுத்து என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. நான் டார்ச்சோடு அதன் முன்னால் நின்றுகொண்டிருக்கிறேன், கேமராவைப் பார்த்துச் சிரித்தபடி.

இதில் முதல் படத்தின் தேதி ஜூன் 8. ஆறாவது நோட்டு. கல் 17, சாய்த்த கல்லின் நிழலில் ஒரு சுருட்டை. அடுத்த படத்தில் கல் அதன் குழியில் உட்கார்ந்திருக்கிறது. ஓரத்தில் பொடிக்கல் இல்லை. அன்றைக்கு அவளுக்கு மணிக்கட்டு வலி வந்திருக்கவில்லை. கையால்தான் வைத்தாள்.

"இது எப்பப் பாத்த அம்மிணி?"

அவள் பசையை மூடிவைத்தாள். "அன்னைக்குச் சாயங்காலமே. படத்தப் பெருசு பண்ணிப் பாத்தப்பத் தெரிஞ்சுது. ரெண்டு நாள் சோறு எறங்கலீங்ணா."

"ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா அடுத்த ஞாயித்துக்கெழம வந்திருப்பீங்களா?"

யோசித்துப் பார்த்தேன். வந்திருக்க மாட்டேன். கொக்கியைப் பரண்மேல் போட்டுவிட்டு, பாம்பெல்லாம் சலித்துவிட்டது என்று ஊருக்குச் சொல்லியிருப்பேன். ஆஸ்பத்திரிக்கும் போயிருக்க மாட்டேன்.

"ருக்குமணியக்காகிட்ட மட்டும் சொன்னன். நாள் ஆகும், தானா வருவாருன்னாங்க. சரி, அதுவரைக்கும் நான் பாத்துக்கலாம்னு இருந்தன். நீங்க திடீர்னு கைய வெப்பீங்கன்னு நெனைக்கல." ஆல்பத்தை ஓரமாக நகர்த்திவிட்டு, "எனக்கும் வாரத்துல அந்த ஒரு காலைதானுங்ணா" என்றாள்.

அவள் தலைக்கு மேல் அலமாரியில் தைலப் பாட்டில் இருந்தது. மூடியின் முத்திரைகூட உடைக்கவில்லை. இப்போது எனக்கு அதெல்லாம் தெரிகிறது. சாந்தாமணி முன்னால் அழக் கூடாது என்று நினைத்தேன், அழுதுவிட்டேன். "புதுக் கண்ணுங்ணா, கசக்காதீங்க" என்று டிஷ்யூவை நீட்டினாள்.

டிசம்பர் 8, திங்கள்

காலை முழுக்க நோட்டைத் திருத்தினேன். பதினொரு இடத்தில் 'ஒன்றுமில்லை'யை ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் பாம்பின் பெயரை எழுதி, 'பார்த்தவர்: சாந்தாமணி' என்று எழுதினேன். அடித்த எழுத்து கீழே தெரிகிற மாதிரிதான் அடித்தேன். ஆறாவது நோட்டின் கடைசிப் பக்கங்களில் கோடுகள் நன்றாகத்தான் அச்சாகியிருக்கின்றன. கடைக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும்.

டிசம்பர் 21, ஞாயிறு

மார்கழி. கல்யாணம் இல்லை. ருக்குமணி ஃபிளாஸ்க்கில் காப்பி போட்டுக் கொடுத்தாள். "ஏனுங், வர்றப்பக் கீரை வாங்கியாங்க. பச்சையா" என்றாள்.

படலில் பூட்டு இல்லை. சின்னுச்சாமி தூரத்திலிருந்தே கையை உயர்த்தினார். பனியில் கிளுவை வேலி நனைந்து நின்றது. கொழுக்கட்டைப்புல்லின் பூக்கதிர்கள் இளஞ்சிவப்பு என்பதை நான் மறந்தே போயிருந்தேன். ஆறு வருடத்து நோட்டில் எங்கேயும் அதை எழுதியிருக்கவில்லை. சாந்தாமணி கேமராவை மாட்டிக்கொண்டாள், எதுவும் கேட்காமல் கொக்கியையும் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். நான் கை நீட்டினேன். கொடுத்தாள்.

எண்பத்தெட்டில் தொடங்கலாம் என்றேன். சரிங்ணா என்றாள்.

முதல் படம் எடுத்தாள். நான் கல்லை என் பக்கமாகச் சாய்த்தேன். டார்ச் அடிக்கவில்லை, வெயிலே போதும். ஈர மண்ணில் கல்லின் அச்சு. நூல் நூலாக வெள்ளை வேர். ஓர் எறும்பு தன் முட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடியது. நீல நிறத்தில் மினுங்கும் ஒரு வண்டு. ஒரு சருகு. அந்தச் சருகையே வெகு நேரம் பார்த்தேன். கொக்கியின் நுனியால் தொட்டேன், அது சருகுதான். இடது கண்ணை மூடிக்கொண்டு ஓரங்களை இன்னொரு முறை சுற்றி வந்தேன். காதையும் கொடுத்துக் கேட்டேன். மாடு அசைபோடும் சத்தம் மட்டும். இரண்டாவது படத்தை எடுத்துவிட்டு அவள் காத்திருந்தாள். அவசரப்படுத்தவில்லை.

"ஒண்ணுமில்ல" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

கொக்கியைக் கேட்டு அவள் கை நீட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். நீட்டினால் கொடுத்துவிட வேண்டும், கோபப்படக் கூடாது என்று வீட்டிலேயே தீர்மானித்திருந்தேன். அவள் கேமராவைத் தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டுக் குந்தினாள். மண்ணைப் பார்க்கவில்லை. போன வாரம் கல்யாண வீட்டில் மாப்பிள்ளை மேடையிலேயே தூங்கிவிட்ட கதையைச் சொல்லிக்கொண்டே, இரண்டு கையையும் கல்லுக்கு அடியில் வைத்தாள்.

பொடிக்கல் வைக்கவில்லை. கல் அதன் குழியில் பொருந்தி உட்கார்ந்தது. மூன்றாவது படமும் எடுத்தாள். நான் நோட்டைத் திறந்து, கோட்டுக்கு நேராக எழுதினேன்.

கல் 88: ஒன்றுமில்லை.